நான்கு அறை நார்மல், ஆனாலும் டி.ஜி.ஏ.: ஸ்கேன் அறையிலும் வார்டிலும் நழுவும் இடங்கள்

கரு ஸ்கேன் மருத்துவர்

ரிப்போர்ட்டில் "இதயத்தின் நான்கு அறைகளும் நார்மல்" என்று ஒரு வரி இருக்கும். பிறந்த மறுநாள் குழந்தை நீலம் பாய்ந்து கிடக்கும். டி.ஜி.ஏ.வில் (இதயத்திலிருந்து கிளம்பும் இரு பெருந்தமனிகளும் இடம் மாறிய பிறவிக் குறை) இது திரும்பத் திரும்ப நடக்கக் காரணம், அந்தக் குறையில் நான்கு அறைகளும் பெரும்பாலும் நார்மலாகவே தெரியும். கோளாறு அதற்கு மேலே இருக்கிறது. மகாதமனி வலது கீழறையிலிருந்தும் நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் இடம் மாறிக் கிளம்புகின்றன.

18 முதல் 22 வாரத்துக்குள் பார்க்கும்போது நான்கு அறைத் தளத்தோடு ஸ்கேன் ப்ரோபை எடுத்துவிடாமல் குழந்தையின் தலைப்பக்கமாக மெல்லச் சாய்த்துக்கொண்டே போங்கள். சாதாரணமாக இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். இங்கே தண்டவாளம் மாதிரி இணையாக ஓடும். இன்னும் மேலே, மூன்று குழாய் தெரிய வேண்டிய இடத்தில் மகாதமனியும் மேற்பெருஞ்சிரையும் மட்டும் தெரியும். நுரையீரல் தமனி கீழே ஒளிந்திருக்கும். "குழந்தை பொசிஷன் சரியில்லை" என்று அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறோம்.

இன்னொரு தவறு, இடது கீழறையிலிருந்து வரும் குழாயைப் பார்த்ததுமே மகாதமனி என்று பெயர் வைத்துவிடுவது. குழாயைப் பின்தொடருங்கள். கிளம்பிய கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரிந்தால் அது நுரையீரல் தமனி. வளைந்து போய்த் தலைக்கும் கைக்கும் கிளை கொடுத்தால்தான் மகாதமனி.

ஆழத்தைக் குறைத்து, செக்டரை (படம் காட்டும் கோணத்தை) குறுக்கினால் ஃப்ரேம் ரேட் கூடும், படம் தெளியும். குழந்தையின் முதுகு மேலே இருந்து நிழல் விழுந்தால் அம்மாவை 20 நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் "குழாய்கள் தெரியவில்லை" என்றே எழுதி, கரு எக்கோவுக்கு (கருவின் இதயத்துக்கான தனி ஸ்கேன்) அனுப்புங்கள். தெரியாததை நார்மல் என்று எழுதவே கூடாது.

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர்

மேடம் சொன்ன இடத்தில் தப்பியதை நாங்கள் பல்ஸ் ஆக்சிமீட்டரில் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) பிடிக்க வேண்டும். பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் பார்ப்போம். இரண்டிலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல், வித்தியாசமும் 3-க்குள் இருந்தால் சரி. எதிலாவது 90-க்குக் கீழே போனால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நடுவில் நின்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி.

வலது கைதான் வேண்டும். டக்டஸ் (கருவில் நுரையீரல் தமனியை மகாதமனியோடு இணைத்து, பிறந்தபின் மூடிக்கொள்ளும் குழாய்) சேருமிடத்துக்கு முன்பே பிரியும் ரத்தம் அங்கே போகிறது. கால் குளிர்ந்திருந்தாலும், குழந்தை அழுதாலும், மஞ்சள் காமாலை லைட் ப்ரோபில் பட்டாலும் எண் தப்பாக வரும். ப்ரோபைத் துணியால் மூடி, அலை சீராக வந்தபின் எழுதுங்கள். கையைவிடக் காலில் அதிகமாக வந்தால் மெஷின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். டி.ஜி.ஏ.வோடு நுரையீரல் அழுத்தமோ மகாதமனிக் குறுக்கமோ இருந்தால் அப்படித்தான் வரும்.

நிறத்தை மட்டும் நம்ப முடியாது. கருத்த குழந்தையில் உதட்டைவிட நாக்கைப் பாருங்கள். மூச்சு வாங்காமல், பாலும் குடித்துக்கொண்டு சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) 75 காட்டும் குழந்தை, ஆக்சிஜன் வைத்தும் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் இதயத்தின் மேல்தான்.

குழந்தை இதயநோய் மருத்துவர்

அந்தச் சந்தேகம் வந்தால் எக்கோவுக்காகக் காத்திருக்காமல் டக்டஸைத் திறந்து வைக்கும் மருந்தான ப்ராஸ்டாகிளாண்டின் தொடங்கலாம். 500 மைக்ரோகிராம் ஆம்பூலை 50 மில்லியாகக் கலந்தால் மில்லிக்கு 10 மைக்ரோகிராம். 3 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 0.9 மில்லி ஓடும். நிமிடக் கணக்கையும் மணிக் கணக்கையும் குழப்புவதில்தான் ஆபத்து, எனவே இருவர் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். மூச்சு நின்றுபோவது தெரிந்த பக்கவிளைவு, அதனால் கையால் மூச்சு கொடுக்கும் பேக்-மாஸ்க் கட்டிலருகே இருக்க வேண்டும்.

டக்டஸைத் திறந்தும் சாச்சுரேஷன் ஏறாவிட்டால் மேலறைகளுக்கு நடுவிலுள்ள துளை போதவில்லை என்று பொருள். எக்கோவில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். துளை சிறியதென்றால் பலூன் செப்டாஸ்டமி, அதாவது பலூனால் துளையைப் பெரிதாக்குவது. 1966-இல் ராஷ்கைண்ட் வெளியிட்ட இந்த முறையை இப்போது எக்கோ பார்த்தபடி கட்டிலிலேயே செய்துவிடலாம்.

அடுத்து கரோனரிகள், அதாவது இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனிகள். 1975-இல் பிரேசிலில் ஜட்டேனே செய்துகாட்டிய தமனி மாற்று அறுவையில் அவற்றையும் பெயர்த்து நட வேண்டும். எத்தனை, எங்கிருந்து, மகாதமனிச் சுவருக்குள்ளேயே ஓடுகிறதா என்று சர்ஜன் கேட்பார். அதையும், கீழறைச் சுவரில் ஓட்டை உண்டா, மகாதமனி குறுகியிருக்கிறதா என்பதையும் முதல் எக்கோவிலேயே எழுதிவிட்டால் நேரம் மிச்சம். ஓட்டை இல்லாத குழந்தையில் இடது கீழறை வாரக் கணக்கில் வலுவிழக்கும், முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் அறுவை முடிவது நல்லது.

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர்

சார், ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டி.ஜி.ஏ. என்று முன்பே தெரிந்து பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள் கொடியை ஒட்ட நறுக்காமல் கொஞ்சம் நீளமாக விட்டு, சலைன் நனைத்த துணியைச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். செப்டாஸ்டமிக்குக் கொடியிலுள்ள சிரை வழியாகவே போக முடியும்.