காந்திமதி என்று இப்போது பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கலாமா?

வடக்குரதவீதி எழுதியது:

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்றாவது மாதம் நடக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் ஏறவில்லை. அப்பாவுக்கு அவருடைய அம்மா பெயரை வைக்க ஆசை, காந்திமதி. வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் பேத்தியைக் கையில் வாங்கும்போதெல்லாம் "எங்கம்மா வந்துட்டா" என்கிறார், அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்.

எனக்கும் ஆசைதான். திருநெல்வேலி டவுனில் வளர்ந்தவளுக்கு அது பழைய பெயராகவே படவில்லை. நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர் அது, எங்கள் தெருவில் காந்திமதியும் கோமதியும் ஆவுடையும் இல்லாத வீடு குறைவு. கோயில் யானைக்கும் அதே பெயர். 2025 ஜனவரியில் அந்த யானை இறந்தபோது அப்பா அன்றைக்கு முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆச்சியின் சீர்ப் பாத்திரத்தில் ஒரு தூக்குச்சட்டி என்னிடம் இருக்கிறது. கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கடைசி எழுத்தின் சுழி மழுங்கிவிட்டது, ஆனாலும் விளக்கும்போது விரலில் தட்டுப்படும். ஆச்சி வேறு எங்கேயும் தன் பெயரை எழுதி நான் பார்த்ததில்லை, கைநாட்டுதான்.

கணவர் கோயம்புத்தூர். அவருக்குக் காந்திமதி என்றால் படங்களில் கிராமத்து அம்மாவாக வந்து எடுத்தெறிந்து பேசும் நடிகை காந்திமதிதான் ஞாபகம் வருகிறாராம். அவர் அக்கா, "பள்ளிக்கூடத்தில் பிள்ளையை ஒருவழி பண்ணிவிடுவார்கள்" என்று ஒரே பேச்சு. இந்தப் பெயரோடு வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்கு அது எப்படி இருந்தது?

பாளைக்காரி எழுதியது:

நானே காந்திமதிதான், ஐம்பதைத் தாண்டியாயிற்று. பள்ளிக்கூடத்தில் யாரும் கிண்டல் செய்ததில்லை, எங்கள் வகுப்பிலேயே இன்னொருத்தி இருந்தாள். என் வருத்தம் வேறு. எனக்கு வைத்தது அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, அதனால் அம்மா என்னைக் கடைசிவரை "பாப்பா" என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்பாள். அம்மாவைத் திட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று அப்பாவும் அந்தப் பெயரைச் சொல்லி அதட்ட மாட்டார். கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்கும்போதும் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதும்தான் என் பெயர் என் காதில் விழும். சின்ன வயதில் அது எனக்குச் சொந்தமான பெயர் என்றே தோன்றவில்லை, ஆச்சியிடம் இரவல் வாங்கி வைத்திருப்பது போல இருந்தது.

ஆச்சி காலமாகிப் பல மாதம் ஆன பிறகு, மாடியில் நின்றுகொண்டிருந்த என்னை அம்மா முற்றத்திலிருந்து "ஏளா காந்தி, மழை வருது, துணிய எடு" என்று கூப்பிட்டாள். எனக்கு அப்போது கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு வயதில் முதல்முறையாக அம்மா வாயிலிருந்து என் பெயர். துணி நனைந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: வைத்தால் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள், திட்டும்போதும் அதைச் சொல்லியே திட்டுங்கள். சான்றிதழுக்குக் காந்திமதி, வீட்டுக்கு ஆத்யா என்று வைப்பதாக இருந்தால் ஆத்யாவையே பதிந்துவிடுங்கள்.

புனேவாசி எழுதியது:

நானும் அதே பெயர்தான், 1988இல் பிறந்தவள், அம்பாசமுத்திரம் பக்கம். ஊரில் இருந்தவரை ஒன்றும் இல்லை. வடக்கே வேலைக்கு வந்த பிறகு, என் சான்றிதழில் 'ஜி'யில் ஆரம்பித்து எழுதியிருப்பதால் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது காந்தி. மகாத்மா நினைவாக வைத்தார்களா என்று கேட்பார்கள், சிலர் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு இரண்டாக வெட்டி எழுதுவார்கள். திருநெல்வேலியில் ஒரு அம்மன், அவளுக்கு ஆனித் தேரோட்டத்தில் தனித் தேர், ஐப்பசியில் திருக்கல்யாணம், ஆடிப்பூரத்துக்கு வளைகாப்புகூட உண்டு என்று விளக்கிச் சொல்லிச் சொல்லியே எனக்கு அந்தப் பெயர் மேல் பிடிப்பு வந்தது என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் 'மதி' என்று சுருக்க வந்தவர்களை விடவில்லை, முழுசாகச் சொல்லப் பழக்கிவிட்டேன்.

'கே'யா 'ஜி'யா என்று இப்போதே முடிவு செய்து, ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பிறகு மாற்றுவதென்றால் அரசிதழ்வரை போக வேண்டும். பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகும் 15 வருடம்வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம், அதனால் அவசரப்பட வேண்டாம்.

கரிசல்காடு எழுதியது:

மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பெயர் வேறு, பிரசவத்தில் இறந்துபோன அத்தையின் பெயர். நான் பாடினால் "அவளும் இப்படித்தான் பாடுவா", நான் எதிர்த்துப் பேசினால் "அவ ஒரு சொல் பேச மாட்டா". அந்த அத்தையை நான் பார்த்ததுகூட இல்லை. பெயர் அழகான பெயர்தான், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் பெரியவர்கள் என் முகத்தில் வேறொருத்தியைத் தேடிக்கொண்டே இருந்தார்கள், அது ஒரு பிள்ளைக்குப் பெரிய பாரம். உங்கள் அப்பா "எங்கம்மா வந்துட்டா" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் அந்த இடத்தில்தான். பெயரை வையுங்கள், அந்தப் பேச்சை மட்டும் பிள்ளைக்கு விவரம் தெரிவதற்குள் நிறுத்தச் சொல்லுங்கள்.

மேலமாடவீதி எழுதியது:

நான் காந்திமதிநாதன். ஆண்களுக்கும் இந்தப் பெயர் உண்டு என்பதே வெளியூரில் பலருக்குத் தெரியாது. எட்டயபுரத்தில் பாரதியைச் சீண்டப் போய் அவர் வெண்பாவில் மாட்டிக்கொண்ட காந்திமதிநாதன் கதையைப் பள்ளியில் தமிழாசிரியர் சொன்னபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது. தாராளமாக வையுங்கள்.

வடக்குரதவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாளைக்காரி அக்கா எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நீ கூப்பிடு பார்ப்போம்" என்றார். கூப்பிட்டேன். அவரும் கூப்பிட்டார், இரண்டாவது எழுத்தில் கொஞ்சம் தடுக்கியது, அப்புறம் சரியாக வந்தது. நாத்தனாருக்கு இன்னும் சம்மதம் இல்லை, இருக்கட்டும்.

கரிசல்காடு சொன்னதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன். நேற்று போனில் சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கியிருக்கும், குரலிலேயே தெரிந்தது. ஆனால் "அதுவும் சரிதாம்ளா, பிள்ள பிள்ளையா வளரட்டும்" என்றார். வரும் வாரம் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம். 'கே'யில்தான் தொடங்கப் போகிறோம்.