ஒக்டோபர் கார்டுகள்: மச்சான் மச்சாள் குழு

ஞாயிறு

பி.ப. 7:04
சுதன் அண்ணா: எல்லாரும் நிக்கிறியளோ? மார்ச் நடுவில புது த ஷோ, எங்கட பேஸ்போல் வீடியோ கேம், வாறதுக்குள்ள கணிப்பை எழுதி முடிக்கவேணும். சீசன் முடிஞ்சு நடந்த 2025 ஒக்டோபர் போஸ்ட்சீசன் ஆட்டங்களில இருந்து டயமண்ட் டைனஸ்டிக்கு (கார்ட் சேர்த்து ரீம் கட்டுற பகுதி) எந்தெந்த போஸ்ட்சீசன் கார்ட் வரும்? பேர் மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. ஆள், எந்த ஆட்டம், பொசிஷன், ஓவரோல் (99 வரைக்கும் போற மொத்த மதிப்பு). நாலும் வேணும்.

பி.ப. 7:05
கஜன்: டொட்ஜர்ஸின்ர யமமோட்டோ, ஓட்டானி, ப்ளூ ஜேஸின்ர விளாடி. மூண்டும் நிச்சயம்.

பி.ப. 7:05
சுதன் அண்ணா: காரணத்தையும் எழுது.

பி.ப. 7:07
கஜன்: மூண்டு பேரும் தொடர் எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர் விருது). உலகத் தொடருக்கு யமமோட்டோ, நாஷனல் லீக் தொடருக்கு ஓட்டானி, அமெரிக்கன் லீக் தொடருக்கு விளாடி. அந்த மூண்டு விருதில இருந்து தொடங்கினால் பிழைக்காது.

பி.ப. 7:08
துவாரகா: ஓட்டானியில கவனம். அவருக்கு 2025 சீசன் எம்.வி.பி.யும் கிடைச்சது. அதுக்கு அவோர்ட்ஸ் சீரிஸில தனிக் கார்ட் போடலாம். ஒரே ஆளின்ர ரண்டு கார்டை ஒரே லைன்அப்பில வைக்கேலாது தானே. அதால ரண்டையும் ஒரே மாதத்தில விடமாட்டினம் எண்டு நினைக்கிறன்.

பி.ப. 7:10
அபி: ராலி? 60 ஹோம் ரன் அடிச்சவர்!

பி.ப. 7:11
சுதன் அண்ணா: அபி, 60 சீசனில அடிச்சது. போஸ்ட்சீசன் கார்டுக்கு சீசன் கணக்கைக் கொண்டு வராதை. ஒக்டோபரில நடந்ததை மட்டும் பார். ராலிக்கு வேற சீரிஸில நல்ல கார்ட் வரும், அது எங்கட பட்டியலுக்குள்ள இல்லை.

பி.ப. 7:12
அபி: சரி அண்ணா. அப்ப ஆட்டத்தைப் பாத்து எண்ணை எப்பிடிக் கணிக்கிறது?

பி.ப. 7:16
துவாரகா: யமமோட்டோவை வச்சுக் காட்டுறன், பார்.
உலகத் தொடர் ரண்டாவது ஆட்டம்: 9 இன்னிங்ஸ், 4 ஹிட், 1 ரன், 8 ஸ்ட்ரைக் அவுட், வோக் ஒண்டும் இல்லை, கடைசி 20 பேரும் வரிசையா அவுட். அதுக்கு முதல் மில்வாக்கியோடயும் முழு ஆட்டம் போட்டவர். போஸ்ட்சீசனில அடுத்தடுத்து ரண்டு முழு ஆட்டம் 2001 ஷில்லிங்குக்குப் பிறகு இதுதான்.
முழு ஆட்டம் போட்டால் ஸ்டமினா ஏறும். /9 எண்டு வாறது 9 இன்னிங்ஸ் கணக்கில கார்ட் எண்: பி.பி. வோக், எச். ஹிட், கே. ஸ்ட்ரைக் அவுட். வோக் இல்லையெண்டால் பி.பி./9 உம் கொன்ட்ரோலும் ஏறும். 4 ஹிட் எண்டால் எச்./9 ஏறும். ஸ்ட்ரைக் அவுட் 8 தான், அதால கே./9 மற்றதுகளை விடக் கொஞ்சம் கீழ நிக்கும். ஆறாம், ஏழாம் ஆட்டம் ரண்டும் வென்றதால கிளச் (நெருக்கடி நேரத்து எண்) 125க்குக் கிட்ட.

பி.ப. 7:17
கஜன்: ஏழாவது ஆட்டத்தில ரிலீவரா (ஆட்டத்தின்ர நடுவில எறிய வாற ஆள்) வந்தவர். ஆர்.பி. எண்டு போட்டால்?

பி.ப. 7:18
துவாரகா: போடமாட்டினம். முதல் நாள் ஆறாவது ஆட்டத்தில ஸ்டார்ட் பண்ணிப்போட்டு அடுத்த நாள் 2⅔ இன்னிங்ஸ் போட்டது பெரிய விசயம் தான். ஆனால் மூண்டு வெற்றியில ரண்டு ஸ்டார்ட். எஸ்.பி. (ஸ்டார்ட் பண்ணுற பிட்சர்) எண்டு எழுது.

பி.ப. 7:20
சுதன் அண்ணா: இப்ப ஓவரோல். கனபேர் பிழை விடுறது இதில தான். 23, 24 பதிப்புகளில செட்ஸ் அண்ட் சீசன்ஸ் (கார்டுகளைச் சீசன் சீசனாப் பாவிக்கிற முறை) இருந்தது, முதல் நாளே 99 கார்ட் கையில வரும். 25இல அதைத் தூக்கிப்போட்டினம். கார்டுகள் கீழ இருந்து தொடங்கி மாதத்துக்கு மாதம் ஏறினது. அப்பிடியே தொடர்ந்தால், அதே யமமோட்டோ ஏப்ரலில வந்தால் 88, 89. செப்டெம்பரில வந்தால் 99. எண்ணைத் தீர்மானிக்கிறது எப்ப வருகுது எண்டது தான். அதால ஓவரோலோட மாதத்தையும் எழுதுங்கோ.

பி.ப. 7:21
கஜன்: நாலு எண்டியள், இப்ப அஞ்சு.

பி.ப. 7:21
சுதன் அண்ணா: ஓம், அஞ்சு. மாதம் இல்லாட்டில் ஓவரோலுக்கு அர்த்தம் இல்லை.

பி.ப. 7:25
அபி: என்ர பட்டியல்: விளாடி, ஸ்பிரிங்கர், பார்ஜர், கிளெமென்ட், யெசாவிஜ், பிஷெட், கர்க், வார்ஷோ.

பி.ப. 7:27
சுதன் அண்ணா: எட்டும் எங்கட ஆக்களோ! ரொறன்ரோவில இருந்து கொண்டு மனசு அப்பிடித்தான் எழுதச் சொல்லும். 1993க்குப் பிறகு இப்ப தானே உலகத் தொடருக்கே போனது. ஆனால் வென்ற ரீமுக்கு இடம் கூட. என்ர கணக்கு 10 கார்டில டொட்ஜர்ஸ் 4, ப்ளூ ஜேஸ் 4, மற்ற ரீம்கள் 2.

பி.ப. 7:30
துவாரகா: அபியின்ர பட்டியலில கிளெமென்ட் நல்ல கணிப்பு. ஒரே போஸ்ட்சீசனில 30 ஹிட், அது சாதனை. முன்னம் 2020இல அரோசரேனா 29. ஆனால் கார்ட் எப்பிடி இருக்கும் எண்டு யோசி. கொன்டாக்ட், விஷன் மேல, பவர் கீழ. த ஷோவில பவர் குறைஞ்ச கார்டுக்கு ஓவரோல் ஏறினாலும் மார்க்கெற்றில விலை ஏறாது. பயன் வேற இடத்தில: செகண்ட், தேர்ட், ஷோர்ட் மூண்டையும் செகண்டரி பொசிஷனாக் குடுத்தால் பெஞ்சில ஒரு ஆளை மிச்சம் பிடிக்கலாம். பொசிஷன் இல்லாத இடத்தில நிறுத்தினால் ஃபீல்டிங் விழும், அதால அந்தச் செகண்டரி முக்கியம்.

பி.ப. 7:32
கஜன்: பார்ஜர் பெஞ்சுக்கு அதை விட நல்லம். முதலாவது ஆட்டத்தில பிஞ்ச் ஹிட்டரா (மாற்றா அடிக்க வாற ஆள்) வந்து கிராண்ட் ஸ்லாம் (நாலு ரன் ஹோம் ரன்), உலகத் தொடரில ஒருத்தரும் முன்னம் செய்யாதது. இடக்கை பற்றர். கடைசி இன்னிங்ஸில வலக்கை ரிலீவர் வந்தால் அவரை எழுப்பினால் சரி. ஆர்.எஃப். (வலது அவுட்ஃபீல்ட்), செகண்டரி தேர்ட். ஆர்ம் ஸ்ட்ரெங்த் 90க்கு மேல.

பி.ப. 7:33
அபி: கிளச் கூடின ஆள் எப்பவும் நல்லா அடிப்பாரோ?

பி.ப. 7:35
துவாரகா: இல்லை. செகண்டிலயோ தேர்டிலயோ ரன்னர் நிக்கேக்க தான் கிளச் வேலை செய்யும். அந்த நேரம் கொன்டாக்ட் எண்ணுக்குப் பதிலா கிளச் எண்ணை எடுக்கும். ஆக்கள் இல்லாமல் அடிக்கேக்க கிளச் 125 எண்டாலும் ஒரு உதவியும் இல்லை. அதால கிளச் மட்டும் கூடின ஆளை முதலாவதா அடிக்க விடாதை. நாலு, அஞ்சில வை.

பி.ப. 7:39
சுதன் அண்ணா: ஸ்பிரிங்கருக்கு வருவம். சியாட்டிலோட ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், மூண்டு ரன் ஹோம் ரன், 4-3. கார்ட் வரும், அதில சந்தேகம் இல்லை. சிக்கல் பொசிஷன். அந்த ஒக்டோபரில அவர் கூடுதலா டி.எச். (அடிக்க மட்டும் வாற ஆள்). டி.எச். எண்டு போட்டாலும் போடுவினம். நான் ஆர்.எஃப். எண்டு எழுதுறன், செகண்டரி சி.எஃப்., எல்.எஃப். (நடு, இடது அவுட்ஃபீல்ட்).

பி.ப. 7:40
துவாரகா: நான் டி.எச்.

பி.ப. 7:44
கஜன்: யெசாவிஜ் தான் என்ர போஸ் கார்ட், புரோக்ராம் எண்ட பரிசுப் பாதையின்ர கடைசிப் பெரிய கார்ட். அஞ்சாவது ஆட்டம் 7 இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட், வோக் பூச்சியம். அந்த சீசனை சிங்கிள் ஏ எண்ட கீழ்மட்ட லீக்கில தொடங்கின பெடியன். எண்ணை விடப் பயம் அவரின்ர கை உயரம். பந்து தலைக்கு மேல இருந்து வருகுது. ஃபாஸ்ட்போலும் ஸ்பிளிட்டரும் ஒரே இடத்தில இருந்து கிளம்பும், ஸ்பிளிட்டர் கடைசியில விழும். ராங்க்டில (ஒன்லைன் போட்டியில) அப்பிடி ஒரு ரிலீஸுக்கு ஆக்கள் பழகவே ரண்டு மூண்டு இன்னிங்ஸ் போயிடும்.

பி.ப. 7:46
துவாரகா: கை உயரம் சரி, ஸ்பீட் பார். அவுட்லையர் குவெர்க் இருந்தால் தான் ஃபாஸ்ட்போல் 99ஐத் தாண்டும். அவர் அந்த வகை இல்லை. 90களின்ர நடுவில எறியிற ஆள். அதால கே./9 உச்சம், வெலோசிற்றி நடுத்தரம். போஸ் எண்டு எழுதினால் நீ தோற்பாய். புரோக்ராம் பாதையின்ர நடுவில வாற கார்ட் எண்டு எழுது.

பி.ப. 7:47
கஜன்: தோற்றாலும் போஸ் தான்.

பி.ப. 7:50
அபி: டொட்ஜர்ஸ் ரோஹாஸ் 95 எண்டு போடட்டோ? உலகத் தொடர் ஏழாவது ஆட்டத்தின்ர ஒன்பதாவது இன்னிங்ஸில அந்த ஹோம் ரன் இல்லாட்டில் நாங்கள் வென்றிருப்பம்...

பி.ப. 7:53
சுதன் அண்ணா: வலி எனக்கும் விளங்குது. ஆனால் ஒரு அடிக்கு முழுக் கார்டையும் ஏத்தமாட்டினம். ரோஹாஸ் போல ஆக்களைப் பாதையின்ர தொடக்கத்தில போடுவினம், அந்த மாதத்துப் போஸை விட அஞ்சாறு எண் கீழ. ஃபீல்டிங் நல்லா இருக்கும். பதினொராவது இன்னிங்ஸில அடிச்ச வில் ஸ்மித்துக்கு மேல எழுது. கேட்சர் எப்பவும் தட்டுப்பாடு, நல்ல பற்றிங் இருக்கிற கேட்சர் கார்டை எல்லாரும் தேடுவினம்.

பி.ப. 7:55
துவாரகா: ஃப்ரீமனில வருஷத்தைக் கட்டாயம் எழுதுங்கோ. 2024 முதலாவது ஆட்டத்தில கிராண்ட் ஸ்லாம், 2025 மூண்டாவது ஆட்டத்தில 18ஆவது இன்னிங்ஸில ஹோம் ரன். ரண்டும் ஆட்டத்தை முடிச்ச அடி. போஸ்ட்சீசன் சீரிஸ் போன வருஷத்தோட நிக்கிறதில்லை. 2023 அடோலிஸ் கார்சியா 22 ஆர்.பி.ஐ. (அடிச்சுக் கொண்டுவந்த ரன்), 2020 அரோசரேனா 10 ஹோம் ரன், உப்பிடிப் பழசையும் எடுப்பினம். ஓய்வு பெற்ற ஆக்களுக்குத் தனி ஒப்பந்தம் வேணும், அந்தப் பதிப்பில பேர் இல்லாத பழைய ஆளை எழுதினால் வீண்.

பி.ப. 7:58
கஜன்: மற்ற ரீம் ரண்டுக்கு: யாங்கீஸ் ஷ்லிற்லர், பொஸ்டனோட வைல்ட் கார்ட் மூண்டாவது ஆட்டம், 8 இன்னிங்ஸ் ரன் இல்லை, 12 ஸ்ட்ரைக் அவுட், வோக் இல்லை. மற்றது டெட்ரொய்ட் ஸ்கூபல், சியாட்டிலோட அஞ்சாவது ஆட்டம், 13 ஸ்ட்ரைக் அவுட். ரீம் 15 இன்னிங்ஸில தோத்தது, கார்டுக்கு அது தடை இல்லை.

பி.ப. 8:06
நிலானி சித்தி: பிள்ளையள், உந்த ஸ்டப்ஸ் எண்டது என்ர பாங்க் கார்டில போற காசோ?

பி.ப. 8:09
சுதன் அண்ணா: ஸ்டப்ஸ் கேமுக்குள்ள பாவிக்கிற காசு. நிசக் காசு குடுத்தும் வாங்கலாம் சித்தி, ஆனால் தேவை இல்லை. விளையாடியே சேரும். அபியின்ர பிளேஸ்டேஷன் கணக்கைப் பிள்ளைக் கணக்கா வச்சிருந்தால் குடும்ப நிர்வாகம் எண்ட இடத்தில மாதச் செலவு எல்லையைப் பூச்சியமாப் போட்டு விடுங்கோ. பாங்க் கார்டை அவனின்ர கணக்கில சேமிக்காதேங்கோ.

பி.ப. 8:10
நிலானி சித்தி: இப்பவே போடுறன்.

பி.ப. 8:11
அபி: நான் ஒண்டும் வாங்கேல்லை அம்மா. என்னட்டை 60,000 ஸ்டப்ஸ் விளையாடிச் சேர்த்தது கிடக்கு. புதுசுக்கு வச்சிருக்கிறன்.

பி.ப. 8:12
கஜன்: ஐயோ அபி, அது புதுப் பதிப்புக்கு வராது. பூச்சியத்தில இருந்து தான் தொடக்கம். இருக்கிறதை இப்பவே உனக்குப் பிடிச்ச கார்டுக்குச் செலவழிச்சு விளையாடு.

பி.ப. 8:19
துவாரகா: புதுசில சேர்க்கிற வழியைச் சொல்லுறன், கவனமா வாசி. மார்க்கெற்றில விக்கேக்க 10 வீதம் வரி. 12,000க்கு பை ஓடர் போட்டு வாங்கி 15,000க்கு வித்தால் வரி 1,500, கையில 13,500, லாபம் 1,500. 13,000க்கு வித்தால் வரி 1,300, கையில 11,700. 300 நட்டம். லாபம் மாதிரித் தெரிஞ்சு நட்டப்படுற இடம் இதுதான். வாங்கின விலையை 9 ஆல பிரிச்சு 10 ஆல பெருக்கு. 12,000க்கு 13,333 வரும். அதுக்கு மேல வித்தால் தான் லாபம்.
«பை நவ்» அமத்தாதை. ஓடர் போட்டிட்டுக் காத்திரு.

பி.ப. 8:21
அபி: போஸ்ட்சீசன் கார்டை புரோக்ராமில எடுத்து விக்கலாமோ?

பி.ப. 8:24
துவாரகா: பாதையில பரிசா வாறது கனக்க விக்கேலாத கார்ட். பாக்கெற்றில வாறது விக்கலாம். எடுக்க முதல் கார்டில அடையாளம் இருக்கோ எண்டு பார். விக்கக்கூடிய கார்ட் வந்து, உனக்குத் தேவை இல்லையெண்டால் முதல் சில மணித்தியாலத்திலயே வித்துப்போடு. எல்லாரும் பாக்கெற் திறக்கத் திறக்க விலை இறங்கும். வாங்கிறதெண்டால் மறுதலையா, வார இறுதி வரைக்கும் பொறு. 92உம் அதுக்கு மேலயும் உள்ள கார்டுக்கு குயிக் செல் (கேமுக்கே உடன விக்கிற விலை) 10,000, அதுக்குக் கீழ விலை போகாது. அந்த அடிமட்டத்துக்குக் கிட்ட வந்தால் பயமில்லாமல் வாங்கலாம்.

பி.ப. 8:27
கஜன்: ஒண்டு மறந்திட்டியள். புரோக்ராம் வர முதலே ப்ளூ ஜேஸ், டொட்ஜர்ஸ் லைவ் சீரிஸில (இப்பத்தைய ரீம் ஆக்களின்ர வழமையான கார்டுகள்) கொமன், பிரொன்ஸ் எண்ட மலிவுத் தரப் பற்றர்கள் ஒம்பது பேரை எடுத்து வையுங்கோ. அந்த ரீம் ஆக்களோட பரலல் எக்ஸ்.பி. (கார்டை வச்சு விளையாடி அதை ஏத்துற புள்ளி) எடு எண்டு மிஷன் வந்தால் அண்டைக்குக் கொமன் கார்டுக்கே விலை ஏறும். முதல் நாள் காசில்லாத மாதிரித் தான் கிடக்கும்.
பரலல் எக்ஸ்.பி.க்கு ரூக்கியில (லேசான நிலை) விளையாடாதேங்கோ, கஷ்டம் கூடக் கூடத் தான் புள்ளி கூடும். ஹிட் எண்ணிக்கை, ஹோம் ரன் எண்ணிக்கை கேக்கிற மிஷனுக்கு ரூக்கி போதும். கொங்குவெஸ்டில (கணினியோட விளையாடுற வரைபட ஆட்டம்) மூண்டு இன்னிங்ஸ் ஆட்டம், அங்க கெதியா முடியும். ஒரு கார்டை பரலல் 5க்கு ஏத்த 10,000 வேணும், அதால நாலு பேரை ஒரே நேரம் ஏத்தப் போகாமல் ஒருத்தரை முடிச்சிட்டு அடுத்தவருக்குப் போங்கோ.

பி.ப. 8:33
சுதன் அண்ணா: நல்லது. 9 மணிக்குப் பூட்டுறன். என்ரது:
யமமோட்டோ, உ.தொ. (உலகத் தொடர்) 2ஆவது ஆட்டம், எஸ்.பி., 97, ஓகஸ்ட்.
ஓட்டானி, டொட்ஜர்ஸ்-மில்வாக்கி 4ஆவது ஆட்டம். 3 ஹோம் ரன், 10 ஸ்ட்ரைக் அவுட். எறியவும் அடிக்கவும் ஒரே கார்ட், 99, செப்டெம்பர்.
விளாடி, யாங்கீஸோட கிராண்ட் ஸ்லாம், 1பி (ஃபர்ஸ்ட் பேஸ்), 95, ஜூலை.
வில் ஸ்மித், 7ஆவது ஆட்டம், சி (கேட்சர்), 93, ஜூன்.
ஸ்பிரிங்கர், ஆர்.எஃப்., 92, ஜூன்.
ஷ்லிற்லர், எஸ்.பி., 89, மே.
மிச்ச நாலையும் 9க்குள்ள போடுறன்.

பி.ப. 8:41
துவாரகா: ஓட்டானியை ஒரே கார்டாப் போடுவினம் எண்டதில நானும் நீங்களும் ஒண்டு. ஆனால் நான் மே எண்டு எழுதுறன், 91. அந்த ஆட்டத்தை இவ்வளவு நாள் வச்சிருக்கமாட்டினம்.

பி.ப. 8:52
அபி: என்ரதில மாத்தம். வார்ஷோவை எடுத்திட்டு வில் ஸ்மித். கர்க்கை எடுத்திட்டு ஃப்ரீமன் 2025, 1பி, 94, ஜூலை. கிளெமென்ட் 3பி, செகண்டரி 2பி, எஸ்.எஸ்., 88, மே. ஸ்பிரிங்கர் டி.எச்.

பி.ப. 8:53
சுதன் அண்ணா: ஸ்பிரிங்கருக்கு ஓவரோலும் மாதமும் எங்க?

பி.ப. 8:54
அபி: 91, ஜூன்.

பி.ப. 8:54
சுதன் அண்ணா: பதிஞ்சாச்சு. கஜன், நீ இன்னும் பட்டியல் போடேல்லை.

பி.ப. 8:59
கஜன்: யெசாவிஜ், உ.தொ. 5ஆவது ஆட்டம், எஸ்.பி., 99, போஸ், செப்டெம்பர். மற்ற ஒம்பதும் கீழ, படமா அனுப்புறன்.