செகண்ட் ஹேண்ட் 16-35 லென்ஸ்: வலது ஓரம் மட்டும் மங்கல், வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி

வணக்கம். மதுரையில் பழைய கட்டடங்களைப் படம் எடுத்து வருகிறேன். ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு 16-35 எஃப்4 (16 முதல் 35 மி.மீ. வரை போகும் வைட் ஜூம் லென்ஸ்) வாங்கியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்கிறார் கடைக்காரர். 16 மி.மீ.-இல் வைத்துச் செங்கல் சுவரை எடுத்துப் பார்த்தேன். நடுவில் காரையின் மணல்கூடத் தெரிகிறது, வலது ஓரத்தில் செங்கல்லே கரைந்த மாதிரி இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலில் ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கமாக வளைகின்றன. ஓரத்தில் நின்றவர் அகலமாக இழுபட்டுத் தெரிகிறார். எல்லாமே லென்ஸ் கோளாறா?

பதில் 1

சுவருக்கு கேமரா நேராக இருந்ததா? கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் மங்கும். சின்னக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். அதில் உங்கள் லென்ஸின் பிம்பம் ஃப்ரேமின் சரியான நடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

பதில் 2

தம்பி, சுவரை விட்டுவிடுங்கள். வைட் லென்ஸில் ஃப்ரேம் நிறையச் சுவர் வர வேண்டுமென்றால் மிகக் கிட்டத்தில் நிற்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் தூரம் அது இல்லை. பல லென்ஸ்களில் ஃபோகஸ் விழும் தளமும் தட்டையாக இருக்காது, வளைந்திருக்கும். அதனால் நல்ல லென்ஸ்கூடச் சுவரில் தோற்றுப்போகும்.

மொட்டை மாடிக்குப் போய் தூரத்தில் ஒரு செல்போன் டவரைப் பிடியுங்கள். அதன் குறுக்குக் கம்பிகளைவிட நல்ல டெஸ்ட் சார்ட் கிடையாது. காலையிலேயே செய்துவிடுங்கள், வெயில் ஏறினால் கானல் அசைவில் கம்பி நெளியும், பழி லென்ஸ் மேல் விழும். ட்ரைபாட், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் ஆஃப், இரண்டு செகண்ட் டைமர். டவரை நடுவில் வைத்து, கேமரா திரையில் லைவ் வியூவில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் கேமராவைத் திருப்பி, அதே டவரை நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து எடுங்கள். லென்ஸ் துவாரத்தை முழுதாகத் திறந்து எஃப்4-இலும், சுருக்கி எஃப்8-இலும்.

மூலையை நடுவோடு ஒப்பிடாதீர்கள். 16-இல் எந்த லென்ஸிலும் மூலை கொஞ்சம் இறங்கும். மூலையை மூலையோடு ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அந்த லென்ஸின் டிசைனே அப்படி, எஃப்8-இல் பெரும்பாலும் தேறும். ஒன்று மட்டும் தனியாகக் கெட்டிருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி நடுவிலிருந்து நகர்ந்திருக்கும் அல்லது சாய்ந்திருக்கும். செகண்ட் ஹேண்டில் நான் பயப்படுவது இதற்குத்தான். கீழே விழுந்த லென்ஸ் வெளியே கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கும்.

கெட்ட மூலையில் டவரை வைத்து அங்கேயே மறுபடி ஃபோகஸ் செய்தும் பாருங்கள். அப்போதும் கம்பி இரட்டையாகவோ ஒரு பக்கம் வழிந்தோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கடைசியாக இன்னொரு லென்ஸை மாட்டி அதே மூலையைப் பாருங்கள். கேமராவின் சென்சாரோ லென்ஸ் மாட்டும் மவுண்ட்டோ சாய்ந்திருந்தால் அந்த லென்ஸிலும் மூலை மங்கும்.

பதில் 3

தூண் வளைவது 16-இல் சகஜம். ரா ஃபைலைத் திறக்கும் மென்பொருளில் லென்ஸ் ப்ரொஃபைல் (அந்த லென்ஸின் வளைவைத் திருத்தும் அமைப்பு) போட்டால் நிமிர்ந்துவிடும். ஆள் இழுபடுவது வேறு, அது லென்ஸ் குறையே இல்லை. நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டும் எந்த வைட் லென்ஸும் ஓரத்தை இழுக்கும். 16-இல் மூலை நடு அச்சிலிருந்து சுமார் 54 டிகிரி தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு பந்து, அதே தூரத்தில் நடுவில் தெரிவதைவிட ஒரு திசையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீளும். எத்தனை லட்சம் கொடுத்தாலும் இதே கணக்குதான். ஆளை உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி டவரை வைத்து எடுத்தேன். மூன்று மூலைகள் எஃப்8-இல் கம்பி கம்பியாகத் தெரிகின்றன. வலது கீழ் மூலையில் மட்டும் கம்பிக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொன்று. அங்கேயே ஃபோகஸ் செய்தாலும் போகவில்லை. என்னுடைய 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் அந்த மூலை சுத்தமாக இருக்கிறது.

பதில் 2

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம். கட்டடம் எடுப்பவருக்கு மூலையில்தான் தரையும் தூணின் அடியும் வரும். வேறொன்று வாங்கினால் 24, 35-இலும் இதே சோதனையைச் செய்யுங்கள். ஜூமில் ஒரு முனையில் நன்றாக இருப்பது மறு முனையில் சாய்ந்திருக்கும். சோதனைப் படங்களை முதலில் அந்த லென்ஸ் ப்ரொஃபைலை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள்.