வீகனாக மாறுபவர் முதல் நாளே எல்லாவற்றையும் விட வேண்டுமா?

தொடக்கப்புள்ளி:
மூன்று வாரமாக வீகன், விலங்கிலிருந்து வரும் எதுவும் கிடையாது, பால் உட்பட. அதாவது, கிட்டத்தட்ட. இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் விட்டதில் பெரிய கஷ்டம் இல்லை, பால்தான் படுத்துகிறது. காபியில் சோயா பால் ஊற்றினால் திரிந்துபோகிறது, ராத்திரி பத்து மணிக்குச் சீஸ் ஞாபகம் வருகிறது, போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாளுக்குப் போய்க் கேக் தின்றுவிட்டேன். முட்டையும் வெண்ணெயும் இருக்கும் என்று தெரிந்தேதான் தின்றேன். கூட வந்த நண்பன் நாலு வருடமாக வீகன். "அப்போ நீ வீகன் இல்லடா, சும்மா டயட்ல இருக்கே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அலமாரியில் இருக்கும் தோல் ஷூவையும் கம்பளி ஸ்வெட்டரையும்கூட உடனே கழித்துக்கட்ட வேண்டுமாம். இப்படி ஒரேயடியாக மாறினால்தான் உண்டா, இல்லை மெதுவாகப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரேபிடி:
உங்கள் நண்பர் எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு, சொன்ன விஷயம் சரி. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் இன்னும் சிலரும் வீகன் என்ற சொல்லை உண்டாக்கியதே, பாலும் முட்டையும் சாப்பிடும் சைவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்டத்தான். நீங்கள் விட முடியவில்லை என்று சொல்லும் அதே பால்! பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும், ஈன்றது ஆண் கன்று என்றால் பால் பண்ணைக்கு அதனால் வரவு இல்லை, செலவுதான். முட்டைக்காக வளர்க்கும் கோழி இனத்தில் ஆண் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது, அதனால் பொரித்த அன்றே கொன்றுவிடுவதுதான் உலகத்தில் பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஜெர்மனி 2022-ல்தான் அதைத் தடை செய்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு "சனிக்கிழமை மட்டும் விதிவிலக்கு" என்பதற்கு என்ன அர்த்தம்?

நான் ஒரே நாளில் விட்டேன், ஆறு வருடம் ஆகிறது. பாதி விட்டால் நாக்கு பழைய ருசியை மறக்கவே மறக்காது, தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். முழுதாக விட்டால் முதல் மாதம் கஷ்டம், அப்புறம் கேள்வியே இல்லை.

நத்தை:
விட்டீர்கள், நின்றீர்கள், மகிழ்ச்சி. ஆனால் விட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் வந்து கதை சொல்வதில்லை, அதனால் ஜெயித்தவர் குரல் மட்டும்தான் நம் காதில் விழுகிறது. ஃபானலிட்டிக்ஸ் என்று ஓர் அமைப்பு, விலங்குகளின் பக்கம் நிற்பவர்கள்தான், 2014-ல் அமெரிக்காவில் 11,000 பேருக்கு மேல் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். சைவமாகவோ வீகனாகவோ மாறியவர்களில் 84 சதவீதம் பேர் திரும்பிப் போயிருந்தார்கள், அப்படிப் போனவர்களில் மூன்றில் ஒருவர் மூன்று மாதத்துக்குள்ளேயே. தொடக்கப்புள்ளி இப்போது சரியாக அந்த மூன்று மாதத்துக்குள் நிற்கிறார். இவரிடம் போய் "நீ வீகனே இல்லை" என்றால் அடுத்த வாரம் "சரி, இல்லை என்றே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சீஸ் தின்னப் போவார்.

நான் பெயருக்கு ஏற்றபடி ஊர்ந்தவன். முதலில் காலை உணவு மட்டும், இரண்டு மாதம் கழித்து வீட்டுச் சமையல் முழுக்க, கடைசியாக வெளியே சாப்பிடுவது. ஒன்றரை வருடம் பிடித்தது. வாட்சன் குழு தொடங்கிய வீகன் சொசைட்டியின் வரையறையிலேயே "முடிந்தவரை, நடைமுறைக்கு ஒத்தவரை" என்றுதானே இருக்கிறது?

ஒரேபிடி:
அந்த "முடிந்தவரை"யை எடுத்துக்கொண்டு எல்லோரும் வந்துவிடுவார்கள். வேறு வழியில்லாமல் சாப்பிட வேண்டிய மருந்து, அதன் உறையில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது என்றால் அதற்காக எழுதி வைத்தது அது. பிறந்தநாள் கேக்குக்காக இல்லை.

அப்புறம் நீங்கள் காட்டிய அதே கணக்கில் வீகன்களை மட்டும் பிரித்துப் பாருங்கள், திரும்பியவர்கள் 70 சதவீதம். சைவமாக மாறியவர்களில் 86. முழுதாக விட்டவன்தான் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறான். உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறது.

நத்தை:
70 பேர் ஓடிப்போனதை வெற்றிக் கணக்கில் எழுதும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். அந்த மீதி 30 பேரும் ஒரே நாளில் விட்டவர்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பழையகுருடி:
கதவைத் திறக்கலாமா? நான் இரண்டரை வருடம் வீகனாக இருந்து திரும்பியவன், அந்த 70-ல் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசு, கன்று, வரையறை எல்லாம் பேசுகிறீர்கள், உடம்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நானும் ஒரேபிடி மாதிரி ஒரே நாளில் விட்டவன்தான். முதல் ஆறு மாதம் பறந்தேன். எடை குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது, பார்க்கிறவனிடமெல்லாம் பிரசங்கம். மாத்திரை எதுவும் வேண்டாம், ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி போதும் என்று யாரோ எழுதியதை நம்பினேன். இரண்டாவது வருடக் கடைசியில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது, அப்புறம் செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்றே தெரியாத நிலை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அதலபாதாளத்தில். ஊசி போட்டு, கால் பழையபடி ஆக ஏழு மாதம். ஒரு சாப்பாட்டு முறை இயற்கையானது என்றால் அதற்கு எதற்கு மாத்திரை? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

மில்லிகிராம்:
நேராகவே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பி12-ஐச் செடியும் உண்டாக்குவதில்லை, விலங்கும் உண்டாக்குவதில்லை, பாக்டீரியாதான் உண்டாக்குகிறது. மாட்டின் இரைப்பையில் அந்த பாக்டீரியா வாழ்கிறது, அதற்குக் கோபால்ட் என்ற தாது தேவை, அதனால் பல பண்ணைகளில் தீவனத்தில் கோபால்ட் சேர்க்கிறார்கள். கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் பி12-ஐயே நேரடியாகச் சேர்க்கிறார்கள். ஆக, மாத்திரை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கம் கோழி விழுங்குகிறது, இன்னொரு பக்கம் நாம். "இயற்கை" என்ற சொல்லை வைத்து இந்த வாதத்தில் யாரும் ஜெயிக்க முடியாது.

முதல் ஆறு மாதம் பறந்தீர்களே, அதற்குக் காரணம் கல்லீரலில் இருந்த பழைய சேமிப்பு. அது சில வருடங்கள்கூடத் தாங்கும், அதுதான் இதில் உள்ள பொறி, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே காலியாகிக்கொண்டிருப்போம். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோன்றும் போலி, உடம்புக்கு உதவாது. இன்னொன்று, கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். பி12 குறைவால் வர வேண்டிய ரத்தசோகையை அது மறைத்துவிடலாம், அதனால் முதல் எச்சரிக்கையே நரம்பில் வந்து நிற்கும். உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்குமோ என்று நினைக்கிறேன், மருத்துவர் சொல்ல வேண்டியது அது.

தொடக்கப்புள்ளி, பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம். ஆனால் உடம்பு ஒரு வேளைக்கு நன்றாகப் பிடித்துக்கொள்வதே ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்தான், அதற்கு மேல் விழுங்குவதில் 1 சதவீதம் போல்தான் உள்ளே போகும். அதனால்தான் தினமும் என்றால் 10 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை என்றால் 2000 மைக்ரோகிராம் என்று வீகன் சொசைட்டி சொல்கிறது. இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று குழம்ப வேண்டாம். ஷூவைப் பற்றி அடுத்த வருடம்கூட யோசிக்கலாம், இதை இந்த வாரமே வாங்குங்கள்.

பழையகுருடி:
பி12 சரி, ஒப்புக்கொள்கிறேன், கோழி மாத்திரை விழுங்கும் கதை எனக்குத் தெரியாது. எலும்பு? எபிக்-ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டன் ஆய்வு 2020-ல் வந்ததே, இறைச்சி சாப்பிடுபவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம், இடுப்பு எலும்பு இரண்டு மடங்குக்கும் மேலே. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மில்லிகிராம்:
விடவில்லை, மூச்சு வாங்கினேன். அந்த ஆய்வு உண்மை. கால்சியம், புரதம், உடல் எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு அந்த வித்தியாசம் குறைந்தது, ஆனால் முழுதாக மறையவில்லை, அதனால் இதைச் சும்மா ஊதித் தள்ள முடியாது. அதே குழுவினர் 2007-ல் வெளியிட்டதில், தினமும் 525 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் எடுத்த வீகன்களிடம் அந்தக் கூடுதல் முறிவு தெரியவில்லை. ஆக, கால்சியத்தை அதிர்ஷ்டத்துக்கு விட்டால் எலும்பு போகும்.

இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பசலைக்கீரை. கால்சியம் நிறைய இருக்கிறது என்று அட்டவணை சொல்லும், ஆனால் அந்தக் கீரையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடம்புக்குக் கிடைப்பது 5 சதவீதம் போல்தான். ப்ராக்கலி, முட்டைக்கோஸ் வகைகளில் அந்தப் பிரச்சினை குறைவு. கால்சியம் உப்பு போட்டுச் சோயா பாலை உறைய வைத்த டோஃபு நல்லது. செறிவூட்டிய சோயா பால் வாங்கினால் டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள், கால்சியம் அடியில் தங்கிவிடும், குலுக்காமல் ஊற்றிக் குடித்துவிட்டு டப்பாவோடு சேர்த்துக் கால்சியத்தைக் குப்பையில் போடுபவர்கள் ஏராளம். (நானே ஒரு வருடம் அப்படித்தான்.)

தொடக்கப்புள்ளி:
நான் திட்டுக்குத் தயாராக வந்தேன், பாடமே நடக்கிறது. நன்றி. புரதம் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள், வீட்டில் தினமும் ஒருமுறையாவது. காபி பிரச்சினைக்கும் வழி சொல்லுங்கள், அதுதான் என்னைக் கொல்கிறது.

நத்தை:
காபியில் திரிவதற்குக் காரணம் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைக் கட்டியாக்குவது. காபியைக் கொஞ்சம் ஆறவிடுங்கள், பாலை லேசாகச் சூடாக்குங்கள், பாலை முதலில் கோப்பையில் ஊற்றி அதன் மேல் காபியை மெதுவாக ஊற்றுங்கள். புளிப்புக் குறைந்த காபிக்கொட்டை இன்னும் நல்லது. எதுவும் சரிவரவில்லை என்றால் ஓட்ஸ் பாலுக்குப் போய்விடுங்கள்.

புரதத்துக்கு, உங்கள் எடை 60 கிலோ என்றால் சாதாரணமாக 48 கிராம் போதும். ஒரு கோப்பை சோயா பாலில் 7 கிராம் கிடைக்கும், பாதாம் பாலில் 1 கிராம் தேறினால் பெரிய விஷயம், இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, டோஃபு இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆனால் ஒரே வாரத்தில் பயறை மூன்று மடங்கு ஆக்கினால் வயிறு உப்பி, கூட இருப்பவர்கள்தான் முதலில் உங்களை விட்டுப் போவார்கள். மெதுவாகக் கூட்டுங்கள், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாருங்கள், குடலே படிப்படியாகத்தான் மாறுகிறது, ஒரேபிடியிடம் சொல்லுங்கள்.

மில்லிகிராம்:
காபி என்றதும் ஞாபகம் வந்தது. சாப்பாட்டோடு சேர்த்து டீயோ காபியோ குடிக்காதீர்கள், தாவர உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, குடைமிளகாய் மாதிரி வைட்டமின் சி உள்ளது கூட இருந்தால் கூடுதலாக ஏறும். உப்பு அயோடின் உப்புதானா என்றும் பாருங்கள்.

ஒரேபிடி:
என்னை ஏதோ கொடுங்கோலன் மாதிரி ஆக்கிவிட்டீர்கள். சரி, உருப்படியாக ஒன்று சொல்கிறேன். லேபிளில் "பால் இல்லாதது" என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், காபியில் போடும் வெள்ளைப் பொடி சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பாலிலிருந்து எடுத்ததுதான். வே (whey) என்றாலும் பால். சேர்மானப் பட்டியலில் இ120 என்றால் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம், இ904 அரக்கு. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள், பாறையிலும் மரத்திலும் பாசி மாதிரிப் படரும் லைக்கனிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

ஷூ விஷயத்தில் மட்டும் நான் இறங்க மாட்டேன். தேவைப்படுபவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காலில் தோலை மாட்டிக்கொண்டு கன்றைப் பற்றிப் பேச வராது.

நத்தை:
கொடுத்துவிட்டு என்ன போடுவார்? "வீகன் லெதர்" என்று வருவதில் பெரும்பாலானது பாலியூரிதேன், பிவிசி, அதாவது பிளாஸ்டிக். ஏற்கெனவே செத்த மாட்டுக்காகப் புதுப் பிளாஸ்டிக் வாங்குவதில் எந்த மாடு பிழைக்கிறது? தேயும்வரை போடட்டும், அடுத்த ஜோடியில் மாறட்டும்.

ஒரேபிடி:
பார்க்கிற நாலு பேருக்குத் தோல் ஷூ அழகாக இருக்கிறது என்ற எண்ணம் வருகிறதே, அதற்குக் கணக்கு இல்லையா?

பழையகுருடி:
மூன்று வாரம் ஆன ஒரு பையனின் ஷூவைப் பார்த்து நாலு பேர் கெட்டுப்போகப் போகிறார்கள். இதற்குத்தான் நான் ஓடிவந்தேன், பி12 பாதிக் காரணம்தான். கால் மரத்துப்போகிறது என்று சொன்னபோது எங்கள் குழுவில் இருந்தவர்கள் "உனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது" என்றார்கள். மில்லிகிராம் மாதிரி ஒருவர் அன்றைக்கு "மாத்திரை போடு" என்று சொல்லியிருந்தால் போதும்.

ஒரேபிடி:
அது தப்பு. அப்படிச் சொன்னவர்கள் சார்பாக என்னால் பேச முடியாது, ஆனால் தப்பு.

தொடக்கப்புள்ளி:
எல்லாம் படித்தேன். பி12 வாங்கிவிட்டேன், வாரத்துக்கு 2000. ஷூ இருக்கட்டும், ஒரேபிடி கோபித்துக்கொள்ள வேண்டாம், சாமான்யமாக இரண்டாவது ஜோடி வாங்கும் ஆள் இல்லை நான். கேக்கை நியாயப்படுத்த வரவில்லை, தின்றது தின்றதுதான். அடுத்த மாதம் என் பிறந்தநாள், அந்த நண்பனும் வருவான், நானே கேக் செய்யலாம் என்று இருக்கிறேன். முட்டைக்குப் பதில் என்ன போடுவது?

ஒரேபிடி:
ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளி விதை, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். கலந்து பத்து நிமிடம் வையுங்கள், வழவழவென்று கெட்டியாகும். மூன்று முட்டைக்கு மேல் கேட்கும் கேக்கில் இதை வைத்துக்கொண்டு முயற்சி செய்யாதீர்கள், களி மாதிரி ஆகிவிடும்.

பழையகுருடி:
வெண்ணெய்க்குப் பதில்?

ஒரேபிடி:
வாசனை இல்லாத எண்ணெய், வெண்ணெயின் அளவில் முக்கால் பங்கு. நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள்?

பழையகுருடி:
சும்மாதான்.