சிலிண்டரும் சங்கும்: 2024 தேர்தல் பகிடி சனத்தின்ர மனதைச் சொன்னதா?

கரவெட்டியான்:
இலங்கையின்ர 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில கேலிப்படங்களை வடிவாப் பார்த்திருந்தாலே முடிவு விளங்கியிருக்கும் எண்டு சிலர் சொல்லுகினம். நானும் அந்தப் பக்கம்தான். அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில் சுயேச்சையாக நிண்டு எடுத்த சின்னம் எரிவாயு சிலிண்டர். 2022 பொருளாதார நெருக்கடியில சனம் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால பிணைச்சு றோட்டோரம் இரவிரவா வரிசை வைச்ச நாடு இது. "வரிசையை ஒழிச்சன்" எண்டது அவரின்ர பிரசாரம். சின்னமோ வரிசையைத்தான் ஞாபகப்படுத்தினது. பகிடி பரவினதுக்குக் காரணம் அது ஏற்கெனவே சனத்தின்ர வாயில இருந்தது. கிடைச்சது 17.27%.

எண்கணக்கு:
அண்ணை, அப்பிடியெண்டால் யாழ்ப்பாணத்தை எப்பிடி விளங்கப்படுத்துவீங்கள்? அதே சிலிண்டர், அதே வரிசை, அதே பகிடி. ரணிலுக்கு அங்க 84,558 வாக்கு, 22.75%. நாடு முழுக்க எடுத்த வீதத்தை விடக் கூட. கொழும்பில சிரிச்ச படத்தை யாழ்ப்பாணத்திலயும் சிரிச்சுப் பார்த்தவை, ஆனால் வாக்குப் போடேக்க வேற கணக்குப் பார்த்தவை.

இன்னொண்டு. இந்தத் தேர்தலில வெண்ட, தேசிய மக்கள் சக்தித் தலைவர் அநுரவை 5 வருஷமா "3 சதவீதம்" எண்டு சொல்லித்தானே சிரிச்சவை? 2019இல அவருக்கு 418,553 வாக்கு, 3.16%. 2024இல முதல் எண்ணிக்கையிலேயே 5,634,915, அதாவது 42.31%. சனத்தின்ர மனம் 2022 நடுப்பகுதியோட திரும்பிட்டுது. பகிடி திரும்பேல்லை. பகிடி எப்பவும் போன தேர்தல் எண்ணைத்தான் கையில வைச்சிருக்கும், புது எண் வரும் வரைக்கும் அதை விடாது. தெற்கில சனத்தை அசைச்சது சின்னமில்லை, வரி: 2024 ஜனவரியில 15%இல இருந்து 18%க்கு ஏத்தின வற் வரி ஒவ்வொரு பில்லிலயும் நிண்டுது.

மட்டுநகர் வாசகன்:
எங்கட பக்கத்துக் கேலியை ஒருத்தரும் தொடுறீங்கள் இல்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குச் சங்குச் சின்னம். தமிழில சங்கு ஊதிறதெண்டால் என்னெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சின்னம் வந்ததில இருந்து செத்தவீட்டுப் பகிடிதான். அவரை ஏன் நிப்பாட்டினது, என்ன கேக்கப்போகினம், தோத்தால் அடுத்தது என்ன எண்ட கேள்வியெல்லாம் அந்தச் சிரிப்புக்குள்ள போயிட்டுது. மட்டக்களப்பு முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் அவர். சொந்த மாவட்டத்திலயே 36,905 வாக்கோட, அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த சஜித், ரணில், அநுர மூண்டு பேருக்கும் பின்னால. நாடு முழுக்க 226,343, 1.70%. இந்தப் பகிடி பாரதூரமான பிழை எண்டுதான் நான் சொல்லுவன்.

கரவெட்டியான்:
தம்பி, அதைப் பகிடியில போடாதேங்கோ. செப்டெம்பர் 1 வவுனியாவில தமிழரசுக் கட்சியின்ர மத்திய குழு கூடி, சஜித்துக்கு ஆதரவு, அரியநேத்திரன் விலக வேணும் எண்டு முடிவெடுத்தது. அவர் அதே கட்சிக்காரர். வாக்கெடுப்புக்கு 20 நாள் இருக்கேக்க சொந்தக் கட்சியே காலை வாரினால் சங்கென்ன, சூரியன் சின்னம் இருந்தாலும் அதேதான். யாழ்ப்பாணத்தில இதே செத்தவீட்டுப் பகிடிக்கு நடுவிலதான் 116,688 எடுத்தவர். முதலாவதா வந்த சஜித்துக்கு 121,177. வித்தியாசம் 4,489.

எண்கணக்கு:
இந்த இடத்தில கரவெட்டியான் அண்ணை சொல்லுறது சரி. ஆனால் கேலி செய்த உண்மையான சேதம் ஒண்டு இருக்கு, அதைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்லை. வாக்குச்சீட்டில 39 பேர். நியமனத்துக்குப் பிறகு ஒருவர் இறந்தும் பேர் சீட்டில இருந்தது. சீட்டின்ர நீளத்தை வைச்சு எத்தினை படம்! அந்த நீளச் சீட்டில 1, 2, 3 எண்டு போடலாம் எண்டதை விளங்கப்படுத்தின படம் எத்தினை?

முறை இதுதான். ஒருவருக்கு மட்டுமெண்டால் 1 அல்லது புள்ளடி. விரும்பினால் வேற இரண்டு பேருக்கு 2, 3. ஒருவரும் 50%ஐத் தாண்டாட்டில் முதலிரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரேயடியா வெளியில. வெளியில போனவரின்ர சீட்டில 2 ஆருக்கு எண்டு பாப்பினம். அது நிக்கிற இரண்டு பேரில ஒருவருக்கெண்டால் அவருக்குச் சேரும், இல்லாட்டில் 3ஐப் பாப்பினம். அதுவும் இல்லாட்டில் அந்தச் சீட்டு அதோட நிண்டுபோகும்.

2024இல இது முதல் தடவையா நடந்தது. வெளியில போன வேட்பாளர்களின்ர சீட்டு மொத்தம் 3,321,666. அதில அநுரவுக்குப் போனது 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டும் சேர்த்து 273,131, அதாவது 8% சொச்சம். மிச்சம் 92% ஒருத்தருக்கும் சேரேல்லை. சங்குக்கு 1 போட்டவர் 2ஐயும் போட்டிருந்தால் சங்கின்ர எண்ணிக்கையில ஒரு வாக்கும் குறைஞ்சிருக்காது. 2 எண்டது தன்ர ஆள் வெளியில போன பிறகுதான் உயிர்பெறும். இதைச் சொல்ல ஒரு கேலிப்படம் போதும். வரேல்லை.

மலையகக் குரல்:
எங்க பக்கம் சங்கும் இல்ல, சிலிண்டரும் இல்ல, தோட்டத் தொழிலாளர் நாள் சம்பளம் 1,700 ரூபாதான் பேச்சு. மே மாசம் வர்த்தமானியில 1,700 வந்துச்சு, கம்பனிங்க நீதிமன்றம் போனாங்க, தேர்தலுக்குக் கொஞ்சம் முன்ன அடிப்படைச் சம்பளம் 1,350ன்னு முடிஞ்சுச்சு. 1,700க்கும் 1,350க்கும் நடுவுல உள்ள 350ஐ வச்சு நெறைய கேலி வந்திச்சு. அதுல ஒண்ணுகூட பறிக்கிற கொழுந்து கிலோ கொறஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுறதப் பத்திப் பேசல. லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்கிறவங்களுக்கு அரைப்பேர்தான் மொதக் கணக்கு. கேலி போடுறவங்களுக்கு அந்தச் சொல்லே தெரியல.

மட்டுநகர் வாசகன்:
நிராகரிக்கப்பட்ட வாக்கையும் சொல்லுங்க. 300,300. அரியநேத்திரன் எடுத்ததை விடக் கூட. "சீட்டில படம் கீறுங்க, திட்டி எழுதுங்க" எண்டு சிரிப்புக்குப் போட்டதையெல்லாம் சும்மா விடலாமா?

எண்கணக்கு:
எல்லாத்தையும் பகிடியில போடேலாது. இரண்டு பேருக்கு 1 போட்டால் நிராகரிப்பு. 1 இல்லாமல் 2 மட்டும் போட்டால் நிராகரிப்பு. வாக்காளர் ஆரெண்டு காட்டுற எழுத்து இருந்தால் நிராகரிப்பு. வெறுஞ்சீட்டும் அதே. இதில எத்தினை கோபம், எத்தினை தெரியாமை எண்டு சீட்டைப் பிரிச்சு எண்ணுறதில்லை. ஆனபடியால் 300,300ஐ "மக்கள் எதிர்ப்பு" எண்டு மேடையில சொல்லுறவையும் பிழை, "எல்லாம் மீம் செய்த வேலை" எண்டுறதும் பிழை.

கரவெட்டியான்:
உங்கட கணக்கெல்லாம் சரி. ஆனால் கேலியை நீங்கள் கணக்குப்பிள்ளை வேலைக்குக் கூப்பிடுறீங்கள். 2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னம், கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். இண்டைக்கு வரைக்கும் திரும்பேல்லை. பயப்படுத்தாத ஒண்டுக்கு அப்பிடி நடக்காது. சனம் வாய்விட்டுச் சொல்லேலாததைச் சொல்லுறதுதான் கேலியின்ர வேலை. எத்தினை சதவீதமெண்டு முன்கூட்டிச் சொல்லுறதில்லை.

எண்கணக்கு:
அதை நான் மனதார ஏத்துக்கொள்ளுறன் அண்ணை. அப்பிடியெண்டால் "படத்தைப் பார்த்திருந்தால் முடிவு விளங்கியிருக்கும்" எண்ட உங்கட முதல் வசனத்தைத் திரும்ப எடுக்க வேணும். செப்டெம்பரில யாழ்ப்பாணத்தில அநுரவுக்கு 27,086 வாக்கு. 54 நாள் கழிச்சு, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில அதே மாவட்டத்தில அவரின்ர தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்கும் 6இல 3 ஆசனமும். இடைப்பட்ட அந்த 54 நாளில இதை முன்கூட்டிச் சொன்ன ஒரு கேலிப்படத்தைக் கொண்டுவந்து இதில போடுங்கோ.

கரவெட்டியான்:
முதல் வசனத்தை எடுக்கிறன். சிலிண்டரைப் பற்றிச் சொன்னதை எடுக்கமாட்டன்.