வீட்டு மீடியா சர்வரை ட்ரூநாஸ் கோரிலிருந்து ஸ்கேலுக்கு மாற்றிய அனுபவம்: மலையகத்தில் இருப்பவர்களும் எழுதுங்கள்

தலவாக்கலையான்:

எங்கள் வீட்டு சர்வரில் சினிமாப் படங்களை விட மற்றச் சாமான்தான் அதிகம். மாசி மாதம் தோட்டத்தில் போடும் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, தேர்த் திருவிழா, விஎச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோக்கள், தப்பு அடிக்கும் பெரியவர்களின் பதிவுகள். அந்தப் பெரியவர்களில் பலர் இன்று இல்லை. இவற்றை வைத்திருக்கும் பெட்டியின் இயங்குதளத்தை மாற்றுவதென்றால் யாருக்கும் பயம் வரும். எது அப்படியே வந்து சேர்ந்தது, எது வரவில்லை என்று விவரமாக எழுதுகிறேன்.

ட்ரூநாஸ் என்பது வீட்டு சர்வரில் ஃபைல்களை வைத்துப் பகிர்வதற்கான இயங்குதளம்; கோர் அதன் பழைய வகை, ஸ்கேல் புதிய வகை. கோரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தின் மேல் நிற்கும் உறுதியான சிஸ்டம். ஃப்ரீநாஸ் என்ற பெயரில் இருந்த காலத்திலிருந்தே பாவித்து வந்தேன். ஆனால் புதிய வசதிகள் எல்லாம் இப்போது லினக்ஸ் பக்கம்தான் வருகின்றன. எனக்கு முக்கியமான காரணம் ஜெல்லிஃபின், சர்வரில் இருக்கும் வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள். கோரில் அது ஜெயிலுக்குள், அதாவது மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் இடத்துக்குள், ஓடியது. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்ற இன்டெல் சிப்பிலேயே இருக்கும் குவிக் சிங்க் வசதியை அங்கே பாவிக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. அம்மாவின் டிவி பழையது, எச்இவிசி என்ற புதிய முறையில் சுருக்கிய வீடியோவைத் தானாக ஓட்டாது. அதனால் மாற்றுகிற வேலை முழுவதும் சிபியு தலையில் விழும், படம் நின்று நின்று ஓடும். ஸ்கேல் டெபியன் லினக்ஸ் மேல் நிற்பது. 24.10 பதிப்பிலிருந்து அதன் ஆப்கள் டொக்கரில் ஓடுகின்றன; ஜெயில் போல ஆப்பைத் தனியாக ஓட்டும் லினக்ஸ் முறை அது. கிராபிக்ஸ் சிப்பை ஜெல்லிஃபினுக்குக் கொடுப்பது ஒரு டிக் போடுகிற வேலை.

பயப்பட வேண்டாத இடத்தை முதலில் சொல்கிறேன்: டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள். இசட்எஃப்எஸ் என்பது ட்ரூநாஸ் ஃபைல்களை டிஸ்க்கில் வைக்கும் முறை, பூல் என்பது அதில் ஒன்றாகச் சேர்த்த டிஸ்க்குகள். பூல் தன்னைப் பற்றிய விவரம் எல்லாவற்றையும் தன் டிஸ்க்குகளிலேயே வைத்திருக்கிறது. 2020இல் ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.0 வந்ததிலிருந்து ஃப்ரீபிஎஸ்டிக்கும் லினக்ஸுக்கும் ஒரே கோட்தான். அங்கே எக்ஸ்போர்ட் செய்த பூலை இங்கே இம்போர்ட் செய்தால் திறந்து கொள்ளும். எனக்கும் அப்படித்தான் திறந்தது. ஒரு விதிவிலக்கு உண்டு: ஃப்ரீபிஎஸ்டியின் பழைய கெலி என்ற மறைகுறியாக்க முறையில் பூட்டிய பூல் லினக்ஸில் திறக்காது. அப்படி வைத்திருப்பவர்கள் முதலில் வேறு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கொள்ள வேண்டும்.

மாற்றுவதற்கு முன், டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் வாசித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓடவிட்டு ஒரு பிழையும் இல்லையென்று பார்த்தேன். சர்வரின் அமைப்புகள் இருக்கும் கன்ஃபிக் ஃபைலை, அதிலுள்ள கடவுச்சொற்களைத் திறக்கும் ரகசிய விதையோடு (சீக்ரெட் சீட்) சேர்த்து இறக்கி, லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்தேன். பூட் எஸ்எஸ்டியை அழிக்கவில்லை. கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் புதுசு ஒன்றில் ஸ்கேலைப் போட்டேன். சரிவராவிட்டால் பழையதை மாட்டினால் போதும், பழைய வீடு அப்படியே திரும்பி வரும். இன்ஸ்டால் ஓடும் நேரம் டேட்டா டிஸ்க்குகளின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டாலர் காட்டும் பட்டியலில் தவறான டிஸ்க்கைத் தொடுவதற்கே இடமிருக்காது.

கன்ஃபிக்கை ஏற்றியதும் பயனர்கள், நெட்வொர்க்கில் பகிரும் எஸ்எம்பி கோப்புறைகள், டேட்டா அந்தந்த நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டின் நேர அட்டவணை எல்லாம் வந்தன. நெட்வொர்க் வரவில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் ஈஎம்0 என்றிருந்த கார்டுக்கு லினக்ஸில் வேறு பெயர், ஆகவே கொடுத்திருந்த நிலையான ஐபி ஒட்டவில்லை. மொனிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஜெயில்களும் வராது, அவை ஃப்ரீபிஎஸ்டிக்கே உரியவை. அனுமதிகளில்தான் அதிக நேரம் போனது. ஃபைலை யார் திறக்கலாம் என்பது பயனரின் எண்ணை வைத்துத்தான்: கோரில் மீடியா பயனரின் எண் 8675309, ஸ்கேலில் ஆப்ஸ் பயனரின் எண் 568. ஜெல்லிஃபின் கோப்புறையைப் பார்க்கும், உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லும். டேட்டாசெட்டின் (பூலுக்குள் இருக்கும் தனிப் பகுதி) ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியலில் 568க்கு வாசிக்கவும் எழுதவும் அனுமதி கொடுத்ததும் சரி.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணம். சினிமாப் படத்துக்குப் பெயரையும் போஸ்டரையும் ஜெல்லிஃபின் இணையத்திலிருந்து எடுத்துக் கொள்ளும். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு இணையத்தில் ஒரு பதிவும் கிடையாது. யார் மன்மதன், யார் ரதி, எந்த வருஷம், எந்த டிவிஷன், லாவணி பாடியவர் யார் என்பதெல்லாம் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் கையால் அடித்தது. அது ஜெல்லிஃபினின் டேட்டாபேஸுக்குள் மட்டும் இருந்தது. அந்த டேட்டாபேஸில் ஃபைல்களின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். ஜெயிலுக்குள் இருந்த பாதை வேறு, டொக்கருக்குள் இருக்கும் பாதை வேறு. அப்படியே தூக்கி வைத்தால் ஒட்டாது.

ஆகவே மாற்றுவதற்கு முன்பே, பழைய சர்வரிலேயே, லைப்ரரி அமைப்பில் என்எஃப்ஓ சேமிப்பானை இயக்குங்கள். படங்களை மீடியா கோப்புறையிலேயே சேமிக்கும் தெரிவையும் போடுங்கள். பிறகு மெட்டாடேட்டாவை ஒரு தடவை புதுப்பித்தால் ஒவ்வொரு வீடியோவின் பக்கத்திலும் அதன் விவரம் சாதாரண எழுத்து ஃபைலாக வந்து உட்காரும். நோட்பேடிலும் திறந்து வாசிக்கலாம். புதிய ஜெல்லிஃபினை வெறுமையாகத் தொடங்கி அதே கோப்புறையைக் காட்டினேன். அப்பா சொன்ன பெயர்கள் ஒவ்வொன்றும் திரும்பி வந்தன. எந்தச் சிஸ்டத்தை நம்பினாலும், கையால் எழுதிய விவரம் வீடியோவோடு கூடவே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பதுளை டீச்சர்:

தம்பி, என்எஃப்ஓ விஷயத்துக்கு மிகவும் நன்றி. நான் விண்டோஸ் கம்ப்யூட்டரில் வைத்திருந்ததை ஓப்பன்மீடியாவோல்ட் என்ற லினக்ஸ் சர்வர் சிஸ்டத்துக்கு மாற்றினேன். எனக்கு வந்த சிக்கல் வேறு. தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் சில, பெயர் மிக நீளம் என்று ஏற மறுத்தன. விண்டோஸில் அதே பெயரோடு இவ்வளவு காலமும் இருந்தவைதான்.

தேடிப் பார்த்ததில் காரணம் புரிந்தது. விண்டோஸ் ஃபைல்களை வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் பெயருக்கு 255 குறிகள் வரை இடம். லினக்ஸில் 255 பைட். லினக்ஸ் எழுத்துகளை வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும்; புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். 'கூத்து' என்ற சொல் மட்டும் 18 பைட். மொத்தத்தில் 85 குறிகளுக்கு மேல் போனால் இடமில்லை. கோயில் பெயர், தோட்டப் பெயர், திகதி, பாடியவர் பெயர் எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே வைக்கிறவர்களுக்கு 85 சுலபமாகத் தாண்டிவிடும். இப்போது ஃபைலுக்குத் திகதியும் சிறு பெயரும் மட்டும். மீதி எல்லாம் நீங்கள் சொன்ன என்எஃப்ஓவுக்குள் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. உறவுக்காரர் ஒருவர் பழைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து தந்த பெயர்களில் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பும் காலும் பிரிந்து இரண்டு குறிகளாக இருந்தன. கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை வேறு பெயர். 'கோயில்' என்று தேடினால் பாதிதான் அகப்படும். கன்வ்எம்வி என்று ஒரு லினக்ஸ் கருவி இருக்கிறது, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு எல்லாப் பெயர்களையும் ஒரே தடவையில் மாற்றித் தரும். சும்மா ஓட்டினால் சோதனையாகக் காட்ட மட்டும் செய்யும், நாம் தனியாகச் சொன்னால்தான் மாற்றும், ஆகவே பயமில்லாமல் ஓட்டலாம்.

நோர்வூட் மழை:

அண்ணே, நம்ம பக்கம் கரண்டப் பத்தி பேசாம சர்வர் பத்தி பேச முடியாது. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தோமே, அப்பதான் நான் யுபிஎஸ் வாங்குனேன். ஆனா யுபிஎஸ் மட்டும் இருந்தா போதாது, அதோட யுஎஸ்பி வயர சர்வர்ல குத்தி, யுபிஎஸ்ஸ கவனிச்சுக்கிற நட்ங்கிற சேவைய ஓட விடணும். ட்ரூநாஸ்லயும் இருக்கு, ஓப்பன்மீடியாவோல்ட்லயும் பிளகின் இருக்கு. பெட்டரி குறைஞ்சதும் சர்வர் தானா ஒழுங்கா மூடிக்கும்.

இசட்எஃப்எஸ் இருக்கிறவங்களுக்கு ஒரு ஆறுதல். அது பழசு மேல எழுதாது, புது இடத்துல எழுதி முடிச்சிட்டுத்தான் பழச விடும். திடீர்னு கரண்ட் போனா கடைசி சில செக்கன்ல எழுதுனது போகலாம், பூல் உடையாது. ஆனா டிஸ்க்குக்கு நல்லது இல்ல. கரண்ட் திரும்பி வரும்போது ரெண்டு மூணு தடவ வந்து வந்து போகும் பாருங்க, அந்த நேரம் மெஷின் ஏறி எறங்குனா டிஸ்க் பாடு கஷ்டம். அதுனால பயோஸ்ல, கரண்ட் வந்ததும் தானா ஓன் ஆகுறத நிப்பாட்டி வச்சிருக்கேன். நிலையா வந்தப்புறம் போன்லயிருந்து வேக்-ஒன்-லேன் (நெட்வொர்க் வழியா மெஷின ஓன் பண்ற வசதி) குடுத்து எழுப்புவேன்.

ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேர இடி இருக்கே, அதுக்கு யுபிஎஸ் காவல் இல்ல. பிளக்கக் கழட்டுறவங்க லேன் வயரையும் கழட்டுங்க. எங்க வரிசையில பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் போனது டெலிபோன் வயர் வழியா, கரண்ட் வழியா இல்ல.

கொட்டகலை மாணவன்:

அண்ணா, கொழும்புல பாவிச்ச ஆபிஸ் கம்ப்யூட்டர் விலைக்கு வருது. 8 ஜிபி ரேம் போதுமா? எத்தனாவது தலைமுறை இன்டெல் எடுக்கலாம்?

தலவாக்கலையான்:

தம்பி, ட்ரூநாஸ் கேட்கும் குறைந்த அளவு 8 ஜிபி. ஜெல்லிஃபினும் ஓட வேண்டுமென்றால் 16 எடுங்கள், மீதி ரேமை இசட்எஃப்எஸ் நினைவகமாகப் பாவித்துக் கொள்ளும், வீணாகாது. இன்டெல் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு பாருங்கள். 10 பிட் எச்இவிசியை முழுதாகச் சிப்பிலேயே விரிப்பது அங்கிருந்துதான். டிஸ்க் வாங்கும்போது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை வேண்டாம், படியாமல் எழுதும் சிஎம்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு டிஸ்க் பழுதாகிப் புதுசைப் போட்டு மறுபடி நிரப்பும் நேரத்தில் எஸ்எம்ஆர் மிக மெதுவாகிவிடும்.

ஹல்துமுல்லைக்காரி:

எல்லோரும் ஒரே வீட்டுக்குள் இருக்கும் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். நான் 2014 ஒக்டோபர் 29ஐ மறக்காத பக்கத்து ஆள். அன்று காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது உயிர்களோடு அந்தக் குடும்பங்களின் கல்யாண ஆல்பம், பிறப்புச் சான்றிதழ், எல்லாமே மண்ணுக்குள் போயின. ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை காக்கும் மூன்று டிஸ்க் ரெய்ட் ஒரே அறையில் இருந்தால் அந்த அறைக்கு வருவது மூன்றுக்கும் வரும்.

நெட் வழியாக மேகத்துக்கு ஏற்ற எங்கள் 4ஜி டேட்டா கட்டுப்படியாகாது. ஆகவே ஆள் வழியாக அனுப்புகிறேன். தம்பி வத்தளையில் வேலை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் வீட்டுக்கு வரும்போது ஒரு வெளி டிஸ்க்கைக் கொண்டு வருவான். அதற்குள் தனி இசட்எஃப்எஸ் பூல் இருக்கிறது. போன தடவை எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கும் இன்றையதுக்கும் இடையில் மாறியது மட்டும் போகும், ஆகவே ஒரு இரவு போதும். டேட்டாசெட் பூட்டியது, பூட்டிய நிலையிலேயே அனுப்பும் ரோ முறையைப் பாவிப்பதால் பஸ்ஸில் டிஸ்க் தொலைந்தாலும் யாரும் திறந்து பார்க்க முடியாது. சாவியை மட்டும் காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறோம்.

தலவாக்கலையான் அண்ணாவிடம் ஒரு கேள்வி. ஸ்கேலுக்கு வந்ததும் பூலை அப்கிரேட் செய்யச் சொல்லி ஒரு அறிவிப்பு நிற்கிறது. அமுக்கலாமா?

தலவாக்கலையான்:

இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. அப்கிரேட் செய்த பூலைப் பழைய கோர் திறக்காது, பின்னால் போகும் வழி இல்லை. லாச்சியில் இருக்கும் பழைய எஸ்எஸ்டிக்குப் பெறுமதி இருப்பது பூல் பழைய நிலையில் இருக்கும் வரைதான். அறிவிப்பு நின்றாலும் பூல் வேலை செய்யும், தொந்தரவு இல்லை. உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: வத்தளைக்குப் போகும் டிஸ்க்கை அவசரத்துக்கு எந்த மெஷினில் திறப்பீர்களோ, அதிலுள்ள இசட்எஃப்எஸ், அப்கிரேட் கொண்டு வரும் புதிய அம்சங்களை அறிந்திருக்க வேண்டும். தம்பியிடம் இருக்கும் மெஷினில் எந்த இசட்எஃப்எஸ் பதிப்பு இருக்கிறது, அது அவற்றைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதன்பிறகு அமுக்குங்கள்.