டாக்டர் ஹூ திரும்பி வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கார்டிஃப்வாசி:

நானே ஆரம்பிக்கிறேன். 2005ல வேல்ஸ்ல இருக்கிற கார்டிஃப்ல மாஸ்டர்ஸ் படிச்சிட்டிருந்தேன், டாக்டர் ஹூன்னா என்னன்னே தெரியாது, ஏதோ ஆஸ்பத்திரி சீரியல்னு தான் நினைச்சிட்டிருந்தேன் (தெரியாதவங்களுக்கு: நீலப் பெட்டியில ஏறி காலம், கிரகம்னு சுத்துற ‘டாக்டர்’ங்கற வேற்றுகிரக ஆளோட கதை, பிபிசி டிவி தொடர்). ஜூலை மாசம் ஒரு நாள் பார்ட் டைம் வேலை முடிச்சு சிட்டி சென்டர் வழியா வர்றேன், ஒரு தெரு முழுக்க கிறிஸ்துமஸ் மார்க்கெட். மரம், சீரியல் லைட்டு, மஃப்ளர் சுத்துன கூட்டம், நான் பாட்டுக்கு டீ சர்ட்ல நிக்கிறேன். அங்க அந்த மாசத்துல ராத்திரி பத்து மணி ஆனாத்தான் சரியா இருட்டும், அதனால இருட்டட்டும்னு எல்லாரும் காத்துக்கிட்டு கெடக்காங்க, அந்தக் கூட்டத்துல முகமூடி போட்ட சான்டா கிளாஸ் நாலஞ்சு பேரு கையில ட்ரம்பெட்டோட உக்காந்து தண்ணி குடிக்கிறாங்க.

பக்கத்துல ஒரு பாட்டிம்மா நின்னாங்க, வேல்ஸ்காரங்க. என்ன நடக்குதுன்னு கேட்டேன், அவ்ளோதான், மொத்த கதையும் சொல்லிட்டாங்க. 1963ல ஆரம்பிச்சது, 1989ல நிறுத்திட்டாங்க, நடுவுல 1996ல பால் மெக்கானை டாக்டரா வச்சு ஒரே ஒரு டிவி படம் எடுத்து அதுவும் மேல போகல, இப்ப ரஸ்ஸல் டி டேவிஸ்னு நம்ம ஸ்வான்ஸீ பையன் திரும்பக் கொண்டு வந்திருக்கான், மார்ச்ல டாக்டரா வந்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ஒரே சீசன்ல கிளம்பிட்டான், இது புது டாக்டர் டேவிட் டென்னன்ட்டோட கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் ஷூட்டிங் அப்படின்னு. லண்டன்ல எடுத்துட்டு இருந்ததை இப்ப பிபிசி வேல்ஸ் இங்க எடுக்குதுங்கறதுல அவங்களுக்கு அப்படி ஒரு பெருமை. புதுசோட முதல் எபிசோட்ல ஷாப்பிங் மால்ல துணிக்கடை பொம்மையெல்லாம் உயிர் வந்து ஆளுங்களைச் சுடுமே, அது க்வீன்ஸ் ஆர்கேட், நான் வாராவாரம் போற இடம். டிவில லண்டன்னு காட்டுறதுல பாதி எங்க ஊர் தாங்க. அன்னைக்கு அப்புறம் முதல் எபிசோட்ல இருந்து தேடிப் பிடிச்சுப் பாத்தேன், படிப்பு என்னாச்சுன்னு கேக்காதீங்க.

ஹரோ அண்ணை:

தம்பி, நீங்கள் புதுசைத்தான் கண்டிருக்கிறீங்கள், நான் பழசின்ர கடைசியையும் கண்டனான். 87ல யாழ்ப்பாணத்தில இருந்து வந்து லண்டனில ஒரு வீட்டில கன பேராய் இருந்தனாங்கள், ஒரு டிவி தான். பிபிசிக்காரன் இந்தத் தொடரைக் கொண்டுபோய் மற்ற சானலில கொரோனேஷன் ஸ்ட்ரீட் எண்ட பேர்போன சீரியல் போற நேரத்திலேயே போட்டான், சனம் முழுக்க அங்கை தான் பாக்கும், எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான், இங்கிலீஷ் பழக அது நல்லதாம். பிறகு ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு சொல்லி 89 டிசம்பரோட நிப்பாட்டினவை. நான் ஒருக்கா அடம்பிடிச்சு மாத்தினது 88ல, அண்டைக்குத் தான் டாலெக், டாக்டரின்ர பரம எதிரி, காலில்லாத உலோகக் கூட்டுக்குள்ள திரியிற ஏலியன், முதல் முதலா படியேறினது! அதுவரைக்கும் டாலெக் வந்தால் மாடிக்கு ஓடினால் சரி எண்டு இங்கத்தையான் பகிடி விடுவான். நான் ஏதோ நல்ல நேரத்தில தான் பாத்திருக்கிறன்.

2005 மார்ச் 26, சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணி. பிள்ளையளையும் இருத்திக்கொண்டு போட்டனான். டாக்டரோட சேரப்போற பெட்டை ரோஸ் தான் வேலை செய்யிற கடையின்ர நிலக்கீழ் அறையில தனிய நிக்கிறாள், பொம்மையள் மெல்ல அசையுது, மூத்தவள் குஷனுக்குப் பின்னால ஒளிக்கிறாள், அப்ப பாத்து ஒரு ஆம்பிளைக் குரல் கலகலவெண்டு கதைக்குது! நான் டிவிக்கு ஒரு தட்டு, சின்னவன் அது ஏலியன் கதைக்கிறது எண்டு சத்தியம் பண்ணுறான். பிறகு பார்த்தால் கிரஹாம் நோர்ட்டன் எண்டுறவர் மற்ற நிகழ்ச்சியில கதைச்ச சத்தம் பிபிசியில தவறிக் கலந்து சில இடங்களுக்குப் போயிருக்கு. பதினாறு வருசம் காத்திருந்து வந்த முதல் நாளில இப்பிடி!

ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. மே மாதம் ரெண்டு பாகமா ஒரு கதை வந்தது, 1941 லண்டன், ஜெர்மன்காரன் குண்டு போடுற நேரம். காஸ் மாஸ்க் போட்ட பெடியன் ஒருத்தன் வாறவை போறவையிட்டை நீ தான் என்ர அம்மாவோ எண்டு கேட்டுக்கொண்டு திரிவான். பள்ளிக்கூடமெல்லாம் பிள்ளையள் அதே குரலில கேட்டுக் கேட்டு டீச்சர்மாருக்கு விசர். எனக்கு அந்தப் பெடியனிட்டை ஒரு பயமும் இல்லை. சைரன் அடிக்க ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையை அப்பிடியே விட்டிட்டு ஷெல்டருக்கு ஓடும், உடன தெருப்பிள்ளையள் உள்ள வந்து சூடாறாத அந்தச் சாப்பாட்டில இருந்திடுவினம். அந்தக் கட்டம் தான் என்னை இருக்க விடேல்லை. ஊரில பொம்மர் பிளேன் சத்தம் கேட்டால் நாங்களும் சோத்துக் கோப்பையை விட்டிட்டு ஓடினனாங்கள் தானே. மூத்தவள் ஷெல்டர் எண்டால் என்னண்டு கேட்டாள், நான் வளவுக்குள்ள பங்கர் வெட்டினதையும் பனங்குத்தி அடுக்கி மேல மண்மூட்டை போட்டதையும் சொன்னனான். அதுவரைக்கும் ஊர்க்கதை எண்டு நான் கோயில் திருவிழாவைத் தாண்டினதில்லை. சின்னவன் கேட்டது ஒரு கேள்வி தான், பங்கருக்குள்ள டிவி இருந்ததோ எண்டு.

பழைய தொடரில டாக்டருக்கு ஊர் இருந்தது, கலிஃப்ரே எண்டு, பிடிக்காமல் ஓடி வந்த ஆள், நினைச்சால் திரும்பலாம். டேவிஸ் புதுசில என்ன செய்தார் எண்டால் ஒரு பெரிய யுத்தத்தில அந்த ஊரையே அழிச்சுப்போட்டார், இவர் ஒருத்தர் தான் மிச்சம், பகிடியாக் கதைப்பார், ஊரைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார். நான் மேல சொன்ன கதையின்ர முடிவில ஒருத்தரும் சாகேல்லை, இந்த ஒருக்கா எல்லாருமே தப்பிட்டினம் எண்டு அந்த மனுசன் துள்ளிக் கத்துறது ஏனெண்டு எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பழைய ரசிகன்:

எல்லாரும் திட்டப் போறீங்க, பரவால்ல. புதுசுல வேற்று கிரகம், அறிவியல் இதை விட ரோஸோட அம்மா, பாய்ஃப்ரெண்ட், அந்த கவுன்சில் ஃபிளாட்டு இதுங்க தான் ஜாஸ்தி. சாயங்கால சீரியல்ல ஒரு நீலப் பெட்டியைக் கொண்டு வந்து வச்ச மாதிரி இருக்கு. பழசுல டாக்டரா நடிச்ச டாம் பேக்கர் காலத்துல டாக்டர் அழுது யாராவது பாத்திருக்கீங்களா?

ஹரோ அண்ணை:

அதாலை தான் தம்பி வீட்டில எல்லாரும் இருந்து பாத்தவை. என்ர மனுசிக்கு ஏலியன் ஒண்டும் வேண்டாம், ஆனால் ரோஸின்ர தாய் ஜாக்கி, டாக்டருக்குக் கன்னத்தில ஒரு அறை விட்டதில இருந்து அந்தத் தொடரை விடேல்லை. பிள்ளையை ஒரு வருசமாக் காணேல்லை எண்டால் எந்தத் தாய் தான் அறையாமல் இருப்பாள்.

கார்டிஃப்வாசி:

முதல் எபிசோடையே ஒரு கோடிக்கு மேல ஆளுங்க பாத்திருக்காங்க, 1 கோடியே 8 லட்சம். ரசிகனுங்களுக்கு மட்டும் எடுத்திருந்தா அவ்ளோ வருமா ப்ரோ. அறிவியல் கம்மிங்கறீங்களே அது ஒத்துக்கறேன், ஆனா பழசுலயும் அது ஒண்ணும் கொட்டிக் கெடக்கல.

பர்மிங்ஹாம் அக்கா:

நான் எபிசோட் பாத்ததை விட கச்சேரிக்குப் போனது தான் சொல்லணும். 2008 ஜூலைல ராயல் ஆல்பர்ட் ஹால்ல பிபிசி ப்ராம்ஸ்ங்கற இசை விழாவுல டாக்டர் ஹூவுக்குன்னு ஒரு காலை கச்சேரி, அக்கா பையன் உயிரை எடுத்துட்டான்னு கூட்டிட்டுப் போனேன், நமக்கு கச்சேரின்னா மார்கழி சபா தானே, அமைதியா உக்காந்து தாளம் போடணும்னு ஒரு நினைப்பு. இங்க பாத்தா தொடரோட இசையமைப்பாளர் மர்ரே கோல்டோட இசைக்கு முழு ஆர்கெஸ்ட்ரா கோரஸோட வாசிக்குது, நடுவுல ராட்சசங்க ஆடியன்ஸுக்குள்ள நடந்து வருது, திடீர்னு டாலெக்கைப் படைச்ச டாவ்ரோஸே வந்து இந்த ஹாலையே பிடிச்சுட்டேன்னு மிரட்டுறான். அக்கா பையன் என் துப்பட்டாவுக்குள்ள. அவனுக்கு அந்தப் பக்கம் நீள ஸ்கார்ஃப் போட்ட ஒரு தாத்தா, டாம் பேக்கர் ஸ்கார்ஃப், சிரிச்சுக்கிட்டே அவன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கடைசியா தீம் மியூசிக் ஆரம்பிச்சதும் பசங்களுக்கு முன்னாடி அவர் தான் எந்திரிச்சு நின்னாரு.

அந்த தீம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். மெட்டு போட்டது ரான் கிரைனர், ஆனா 1963ல சிந்தசைசர் எதுவும் இல்லாம டேப்பைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டி அந்த சத்தத்தை உருவாக்குனது டீலியா டெர்பிஷைர்னு ஒரு பொண்ணு. கிரைனரே அவங்களுக்குப் பாதி உரிமை தரணும்னு சொல்லியும் பிபிசி விதி விடல. 2013ல ஐம்பதாவது வருஷ ஸ்பெஷல்ல தான் முதல் தடவையா டைட்டில்ல அவங்க பேர் வந்துச்சு, அதுக்குள்ள அவங்க போயே பன்னெண்டு வருஷம்.

கார்டிஃப்வாசி:

இது தெரியாது அக்கா. இன்னொண்ணு சேர்த்துக்கோங்க, முதல் கதையை டைரக்ட் பண்ணுன வாரிஸ் ஹுசைன் லக்னோல பிறந்தவர், அப்ப அவருக்கு 24 வயசு, தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் இருபதுகள்ல இருந்த பொண்ணு. பிபிசியில பெரிசுங்க யாரும் இதை சீரியஸா எடுத்துக்கல போல.

புதுசா பாக்கணும்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: யூகேல இருந்தா பிபிசியோட ஐபிளேயர் ஆப்ல பாருங்க, 2023ல கிட்டத்தட்ட எல்லாத்தையும் அதுல போட்டாங்க, ஆனா 1963 முதல் கதை அப்ப வரல, எழுதுனவரோட பையன் உரிமை தரமாட்டேன்னுட்டாரு. நேரா 2005 ‘ரோஸ்’ல ஆரம்பிங்க. நாலாவது, அஞ்சாவது எபிசோட்ல குசு விடுற ஏலியன் வரும், அதைப் பாத்துட்டு மூடி வச்சிராதீங்க, பல்லைக் கடிச்சுட்டுத் தாண்டுங்க, ஆறாவது தான் ‘டாலெக்’, அண்ணை சொன்ன காஸ் மாஸ்க் கதை ஒன்பதும் பத்தும்.

ஹரோ அண்ணை:

குசு விடுற ஏலியனைக் குறைச்சுச் சொல்லாதையுங்கோ. எங்கட சின்னவனுக்கு இண்டைக்கும் அதுதான் திறமான எபிசோட்.